நாலு மணி நிலையம்

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை சைரன் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறை படித்தும் அதில் ஒரு வரிகூட அவருக்குச் சாதகமாக மாறவில்லை.

'மொட்டை மாடியில் நான்காம் மாடி வீட்டுக்காரர் நட்டிருக்கும் கம்பத்தின் உயரம் நாலு மீட்டர் பதினேழு சென்டிமீட்டர். பொது இடத்தில் இருக்கும் எதுவும் குடியிருப்போருக்குப் பயன்பட வேண்டும் என்பது சங்க விதி. இந்தக் கம்பத்தால் பயன் உண்டு என்று பாதி வீட்டாராவது கை தூக்காவிட்டால், மாதக் கடைசி ஞாயிறு பொதுக்கூட்டம் முடிந்த கையோடு அது இறக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்.'

செயலாளர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் அளவு நாடா இருக்கும். அறுபத்தைந்து வயதிலும் அவர் தலைமுடி புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரிப் பளபளக்கும். அவர் பதினேழு சென்டிமீட்டர் என்றால் பதினேழேதான். வாதாடிப் பயனில்லை.

சைரன் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தீப் பாதுகாப்பு அதிகாரி. திங்கட்கிழமை தவறாமல், தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று பத்து நிமிடம் பேசுவார். பதினொரு வருடமாகப் பேசுகிறார். போன மாதம் ஒத்திகைக்கு மணி அடித்தபோது நூற்றுச் சொச்சம் பேரும் ஓடியது கேன்டீனுக்கு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் சங்குக்குத்தான் தொழிலாளர்கள் சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தான் செய்வதை உலகத்தில் யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதனால்தான் அந்த ரிசீவர். விரல் நீளத்தில் ஒரு கருவி, அதை ஓட்ட உள்ளங்கையளவு கணினி ஒன்று, மாடியில் கம்பம். வானத்தில் போகும் அலை எதுவானாலும் கம்பம் பிடித்து இறக்கும். கணினி அதை இணையத்தில் ஏற்றும். எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, திரையிலேயே முள்ளைத் திருப்பி, கப்பலோ விமானமோ வேற்று நாட்டு வானொலியோ கேட்கலாம். பக்கத்தின் மூலையில் 'கேட்பவர்கள்' என்று ஓர் எண் இருக்கும். எட்டு மாதமாக அது பூஜ்யம். ஒரே ஒரு நாள் ஒன்று ஆனது. விசாரித்ததில், பரணில் வைத்த பழைய போனில் பக்கத்தை மூட மறந்தது தெரிந்தது.

காகித விஷயத்தை வீட்டில் சொன்னார். மனைவி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வரலாற்று ஆசிரியை. எந்தக் காலத்திலோ செத்துப்போன ராஜாவுக்காக நாற்பது பிள்ளைகளை அழ வைப்பவள் என்று பள்ளியில் பெயர். இப்போது ஏழு மாதக் குழந்தைக்காக விடுப்பில் இருந்தாள்.

"பாதி வீடுன்னா எத்தனை?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"இப்ப எத்தனை பேர் கேக்கறாங்க?"

"பூஜ்யம்."

"பாப்போம்," என்றாள். சைரனுக்கு மனம் வலித்தது. அவளுக்கு ரிசீவர் என்றாலே ஆகாது என்பது அவர் எண்ணம். வாங்கி வந்த முதல் வாரமே, 'கீச்சு மூச்சுன்னு ஒரு சத்தம் வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது' என்று சட்டம் போட்டு ஸ்பீக்கரைப் பிடுங்கிப் பரணில் போட்டவள் அவள்தான்.

கூடத்தில் நாளிதழுக்குப் பின்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு உதவியாக வந்திருப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்; பேப்பர் வராத நாளில் அதுவும் கிடையாது.

மறுநாள் சைரன் லிஃப்ட் பக்கத்தில் தன் காகிதத்தை ஒட்டினார். பக்கத்தின் முகவரி கொடுத்து, வாருங்கள், கேளுங்கள் என்று எழுதியிருந்தார். ஆறு பேர் வந்தார்கள். மூன்று விநாடியில் ஆறு பேரும் போனார்கள். முள் நின்ற இடத்தில் வெறும் இரைச்சல். பாவம், அவர்களுக்கு எங்கே திருப்புவது என்று தெரியவில்லை.

கேட்பவர் திருப்பத் தேவையில்லாதபடி எல்லாம் தானாகவே நடக்கவேண்டும் என்று முடிவு செய்தார் சைரன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு ப்ரோகிராம் எழுதினார். யாரும் முள்ளைத் தொடாதபோது அதுவே அலைவரிசை எங்கும் உலாவி, பலமான சத்தம் இருக்கும் இடத்தில் நிற்கும்.

அது போய் நின்ற இடம் லிஃப்ட் மோட்டார். நான்கு நாள் முழுக்க அந்தப் பக்கத்தில் லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதும் ஒலிபரப்பானது. கருத்துப் பகுதியில் ஒருவர் மட்டும் பாராட்டியிருந்தார்: 'லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தெரிகிறது. நன்றி.'

சைரன் ப்ரோகிராமைத் திருத்தினார். இனி மனிதக் குரல் கேட்டால் மட்டுமே அது நிற்கும். திருத்திக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். "ம்," என்றார். குழந்தை மைக் கரகரவென்கிறது என்றாள். அந்த மைக் ஒரு வெள்ளை டப்பா. குழந்தை சமையலறைப் பக்கத்து அறையில் தூங்கும்போது அழுதால், இன்னொரு அறையில் இருக்கும் இன்னொரு டப்பாவில் கேட்கும். தன் ரிசீவர்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயத்தில் அதற்கு மட்டும் சைரன் எழுந்தார். பேட்டரி தீர்ந்திருந்தது. பேட்டரியே வேண்டாம் என்று மின் இணைப்பு கொடுத்து, இருபத்து நாலு மணி நேரமும் ஓடும்படி சமையலறை அலமாரியில் உயரமாக வைத்தார். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் மாலை நாலு மணிக்குத் தொழிற்சாலையில் தீயணைப்பு உருளை ஒன்றை ஆட்டிப் பார்த்துக்கொண்டே போனைத் திறந்தார். கேட்பவர்கள்: இரண்டு. நாலேகாலுக்கு ஐந்து. நாலரைக்குப் பதினொன்று.

உருளையைக் கீழே வைத்துவிட்டார். திரையின் நீலப் படத்தில் நட்டநடுவே மஞ்சளாக ஒரு தடித்த கோடு. தெள்ளத் தெளிவான மனிதக் குரல். எந்தத் தீவிலிருந்தோ, எந்தப் பாலைவனத்திலிருந்தோ வரும் நிலையம். கேட்கத்தான் வழியில்லை. தொழிற்சாலைக்குள் யாரும் காதில் எதையும் மாட்டக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவர் அவர். பதினொரு வருடத்தில் அதைக் கடைப்பிடித்த ஒரே ஆளும் அவர்தான்.

அன்று முதல் நாள்தோறும் நாலு மணிக்கு அந்த நிலையம் வந்தது. ஐந்து மணிக்கு நின்றது. சைரன் அதற்கு 'நாலு மணி நிலையம்' என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றுதான் நினைப்பார். ஆனால் அதற்குள் இன்னும் செம்மைப்படுத்த ஏதாவது தோன்றிவிடும். ரேடியோ கட்டுகிறவனுக்குக் கேட்க எங்கே நேரம்?

குடியிருப்பே மாறத் தொடங்கியது. மேல் மாடியில் விடியற்காலையில் இரும்புக் குண்டைத் தொம் தொம்மென்று போட்டு உடற்பயிற்சி செய்யும் வாலிபர் திடீரென்று அதன் கீழே மெத்தை விரித்தார். ஒரு வருடத்துக்கு முன் ஏணி கடன் வாங்கிய எதிர்வீட்டுக்காரர், அதைத் துடைத்துக் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார். செயலாளரின் தலை ஒரே இரவில் தார் நிறத்திலிருந்து இளம்பழுப்புக்கு வந்தது. தரைத்தள அம்மா லிஃப்ட்டில் சைரனின் கையைத் தட்டி, "மூக்கடைப்புக்கு வெந்நீர் ஆவி காட்டுங்க தம்பி, குழந்தைக்கு மருந்தெல்லாம் வேண்டாம்," என்றாள். குழந்தைக்கு மூக்கு அடைத்திருப்பது சைரனுக்கே அப்போதுதான் தெரியும்.

நல்ல வானொலி மனிதர்களைப் பண்படுத்துகிறது என்று அவர் முடிவு செய்தார்.

இவ்வளவு தூரம் வந்தபின் சும்மா இருப்பாரா? குரல் தொடங்கிய உடனே குடியிருப்போர் எல்லாருடைய போனுக்கும் 'நிகழ்ச்சி ஆரம்பம்' என்று தானாகவே செய்தி போகும்படி செய்தார். தவறவிட்டவர்களுக்காக ஒவ்வொரு நாள் நிகழ்ச்சியையும் தானாகப் பதிவு செய்து, பக்கத்தில் வரிசையாக அடுக்கும்படி செய்தார். அந்த ஏற்பாட்டில் மூழ்கியிருந்த நாள்தான் மனைவி மறுபடி வந்து நின்றாள்.

"ஏங்க, என் போன் குழந்தை குளிக்கிற தொட்டில விழுந்துருச்சு."

"ம்."

"உயிரே இல்ல. எங்கயாவது குடுத்துப் பாருங்க."

"ம்."

அவள் சிறிது நேரம் அங்கேயே நின்று திரையைப் பார்த்தாள். மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நீலப் படத்தையும் பார்த்தாள். குழந்தை சமையலறைப் பக்கம் வீறிட்டு அழுதது. திரையில் மஞ்சள் கோடு குபீரென்று எழுந்தது. சைரன் அப்போது குனிந்து ஒயர் தேடிக்கொண்டிருந்தார்.

"நேத்து எத்தனை பேர் கேட்டாங்க?" என்றாள் மனைவி.

"பதினாலு. ஆனா வீடுன்னு பாத்தா ஏழுதான் தேறும்."

"ஏழு போதாதே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

குத்திக்காட்டுகிறாள் என்று சைரன் நினைத்தார். அதற்குப் பிறகு தினமும் குத்திக்காட்டினாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எண்ணைக் கேட்பாள். இருபத்தாறு என்றால் உதட்டைப் பிதுக்குவாள். நாற்பத்தொன்று என்றால், "வெறும் நாப்பத்தொண்ணா? இன்னிக்கு இன்னும் வரணுமே," என்பாள். ஒரு நாள் அறுபத்து மூன்று என்று சொன்னபோது மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாகச் சோறு போட்டாள். தொழிற்சாலையிலிருந்து அவளோடு பேச அழைத்தால், இப்போதெல்லாம் மாமனார்தான் எடுத்தார். "இருக்கா," என்பார். அன்றைய நாலில் ஒன்று தீரும்.

எண் நிற்காமல் ஏறியது. எண்பதைத் தாண்டியது. வெளியூரில் இருக்கும் மகள்களுக்கும் மருமகன்களுக்கும் குடியிருப்போர் முகவரியை அனுப்பியிருந்தார்கள். கருத்துப் பகுதி நிரம்பி வழிந்தது. 'மூன்றாவது பல்லும் போயிற்றே!' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நான்காவது பல்லோடு முடிந்தால் நல்லது' என்று இன்னொருவர். படத்தில் மஞ்சள் கோடு பல் பல்லாகத்தான் ஏறி இறங்கும். இந்தச் சில நாட்களில் மக்கள் இவ்வளவு தொழில்நுட்பம் கற்றுக்கொண்டார்களே என்று சைரன் பூரித்துப்போனார். அங்கேயே 'தங்கள் கூர்ந்த கவனிப்புக்கு நன்றி' என்று பதிலும் எழுதினார்.

இருந்தாலும் பொதுக்கூட்டத்தை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. கேட்கிறவர் எல்லாம் கை தூக்குவார்கள் என்று என்ன நிச்சயம்? கம்பம் இறங்கினால் அவருக்கு மிச்சம் கேன்டீனுக்கு ஓடும் கூட்டம்தான். இருபத்தாறு பக்கத்தில் உரை தயாரித்தார். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் இருபத்திரண்டு வீட்டாரும் கூடினார்கள். தண்ணீர்த் தொட்டி, குப்பை வண்டி, வண்டி நிறுத்தும் இடம் என்று எப்போதும் பொழுது சாயும்வரை இழுக்கும் விஷயங்கள் எல்லாம் அரை மணியில் முடிந்தன. எல்லார் கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மூன்றரைக்குச் செயலாளர் கம்பத்துக்கு வந்தார்.

சைரன் எழுந்து தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களே—"

"உக்காருங்க சார், நேரமாவுது," என்றார் செயலாளர். "கம்பம் இருக்கணும்கறவங்க கை தூக்குங்க."

இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. ஓட்டே இல்லாத காவலாளி இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

சைரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினொரு வருடத்துத் திங்கட்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு நொடியில் ஆறிப்போயின. உரையின் கடைசிப் பக்கத்தையாவது வாசிக்கலாம் என்று எடுத்தார்.

"வானொலிமேல இவ்வளவு பிரியம் வச்சிருக்கீங்களே..."

"வானொலி கிடக்கட்டும் சார்," என்று இரும்புக் குண்டு வாலிபர் குறுக்கிட்டார். "சின்னவன் அந்தப் பல் டாக்டரைக் கட்டிப்பானா, மாட்டானா? அதை மட்டும் சொல்லிடுங்க. எனக்கு வேலையே ஓடல."

"எந்தச் சின்னவன்?"

தரைத்தள அம்மா வாலிபரின் தொடையைக் கிள்ளினாள். செயலாளர் அளவு நாடாவை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, கடைசியில் உண்மையைச் சொன்னார். நாலு மணி நிலையம் எந்தத் தீவிலும் இல்லை. சைரன் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அலமாரி மேல் இருக்கும் குழந்தை மைக் பேசுகிறது, கம்பம் கேட்கிறது, ப்ரோகிராம் தேடிப் பிடித்து ஒலிபரப்புகிறது. சைரனின் மனைவி நாலு மணிக்கு அக்காவோடு போனில் பேசுவதை ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது.

"முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு," என்றார் செயலாளர். "என் தலையைப் பத்திப் பேசினாங்க. அப்ப வருத்தமாத்தான் இருந்தது. ஆனா பாருங்க, பழுப்பு எனக்கு நல்லாத்தான் இருக்கு."

சைரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்குக் காது உண்டு என்று கேட்டிருக்கிறார். தன் வீட்டுச் சுவருக்குத் தானே வாயும் வைத்துக் கொடுத்தது இப்போதுதான் புரிந்தது. அவர்களோ ஆளுக்கொரு துண்டாக அவருக்குக் கதையை எடுத்துச் சொன்னார்கள். சின்னவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனான். டாக்டரம்மா தவறான பல்லைப் பிடுங்கிவிட்டாள். சண்டை போடப் போனவன் காதலில் விழுந்தான். அவளைப் பார்க்க வேறு சாக்கு இல்லாததால் ஒவ்வொரு பல்லாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். 'என் மகன் வாயைக் காலி பண்ணினவ இந்த வீட்டுக்கு மருமகளா?' என்று அப்பா கதவை அடைத்துவிட்டார். இதைச் சொல்லும்போதே காவலாளி மூக்கை உறிஞ்சினார்.

சைரன் எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். உள்ளுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணத்தன்று மனைவியின் சொந்தக்காரர் நாற்பது பேரை வரிசையாக அறிமுகப்படுத்தினார்கள். நாற்பது பேருக்கும் "ம்" சொன்னார். அதில் சின்னவன் எவன் என்று யாருக்குத் தெரியும்? தன்னை யாரும் கேட்பதில்லை என்று புலம்பியவர், கட்டியவளின் வீட்டில் நாலு பல் போனதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

"வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க," என்று செயலாளர் கெஞ்சினார். "பேச்சை நிறுத்திடுவாங்க." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு ஐம்பத்தஞ்சு. கூட்டம் முடிஞ்சது." எல்லாரும் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை. தீ ஒத்திகையில் இப்படி ஓர் ஒழுங்கான ஓட்டத்தை சைரன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவர் மட்டும் மெதுவாக மாடி ஏறினார். மைக்கைப் பிடுங்குவதா, சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவதா என்று ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு எடுத்தார். கதவைத் திறந்தபோது மணி நாலு. சமையலறையில் மனைவி இடுப்பில் குழந்தை, காதில் போன், அலமாரிப் பக்கம் முகம் என்று நின்றிருந்தாள்.

"இல்லக்கா, நான் சொல்றதைக் கேளு. அஞ்சாவது பல்லைப் பிடுங்க அவ மாட்டேன்னுட்டா. 'இதையாவது வச்சுக்கோங்க, என் சமையலைச் சாப்பிடப் பல்லு வேணும்'னு சொன்னாளாம்." சற்று நிறுத்தினாள். "ஆமாக்கா, நானும் அழுதுட்டேன்."

மைக்கைப் பிடுங்கப் போன சைரனின் கை அப்படியே நின்றது. மனைவி பேசுவதை இப்படி முழுசாக நின்று கேட்டு எத்தனை மாதமாகிறது என்று நினைத்துப் பார்த்தார். நினைவு வரவில்லை. எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள்! கட்டிடம் முழுக்கச் சத்தம் இல்லை. மேல் மாடியில் யாரோ மூக்கைச் சிந்துவது மட்டும் கேட்டது. அப்பா கதவைத் திறந்தாரா என்று தெரிந்துகொள்ளாமல் சைரனாலும் நகர முடியவில்லை.

"தாழ்ப்பாள் சத்தம் கேட்டுதாம். மீதியை நாளைக்குச் சொல்றேன்க்கா," என்று மனைவி முடித்தாள். மேலும் கீழும் இருபத்தோரு வீடுகளிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

சைரன் கூடத்துக்கு வந்து மாமனார் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. இந்தச் சின்னவன் நமக்கு எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

மாமனார் நாளிதழை மடித்தார். அன்றைய நாலு வார்த்தையைக் காலையிலேயே முடித்துவிட்டவர், மருமகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த ஆறு நாளுக்கானதையும் சேர்த்து எடுத்தார்.

"சின்னவனும் இல்ல, பல் டாக்டரும் இல்ல, அந்தப் பக்கம் அக்காவும் இல்ல மாப்பிள்ளை; போன் தொட்டில விழுந்து செத்துப் பதினஞ்சு நாளாச்சு, உங்க கம்பம் இறங்கிடக் கூடாதுன்னு அவளா பேசிக்கிட்டிருக்கா."